காப்பி இறங்கிய வழியும் ஆள் ஏறிய வழியும்

இலங்கையைக் காப்பி நாடு என்று சொன்னால் இன்று கேட்பவர்கள் நம்மைத் திருத்த முனைவார்கள். அது தேயிலை நாடல்லவா என்பார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தீவின் வருவாயும் அரசியலும் சாலைகளும் ரயிலும் காப்பிச் செடியை நம்பித்தான் இருந்தன. 1870களின் இறுதியில் இரண்டேமுக்கால் லட்சம் ஏக்கரில் காப்பி பயிரானது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. இவ்வளவு பெரிய ஒரு பயிர் இவ்வளவு விரைவில் ஒரு நாட்டின் நினைவிலிருந்து அகன்ற வேறோர் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காப்பியின் கதையைத் தேடி 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலங்கை சென்றேன். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ அல்ல, மன்னாருக்கு. மன்னாரில் ஒரு காப்பிச் செடிகூடக் கிடையாது. பனையும் உடைமுள்ளும் மணலும் கழுதைகளும்தான் உண்டு. அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்க மரங்கள் அங்கங்கே யானைக்கால்போல் ஊன்றி நிற்கின்றன. பள்ளிமுனையில் உள்ள மரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கும் மேல். காப்பியைப் பற்றி எழுதப் போனவன் அங்கே என்ன செய்தான் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அதற்கான பதில்தான் இக்கட்டுரை.

தலைமன்னாரில் ஒரு சிறு கடையில் காப்பி கேட்டேன். கடைப் பையன் விழித்தான். பக்கத்தில் இருந்தவர், "கோப்பி கேக்கிறார்" என்று மொழிபெயர்த்தார். இலங்கைத் தமிழில் அது கோப்பி. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட கரையில் சொற்கள் வேறு வழியாக நுழைந்திருக்கின்றன. ஒரே செடியின் பெயர் கடலின் இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் இருக்கிறது. அந்தச் செடிக்காகக் கடலைத் தாண்டியவர்கள் இரண்டு பெயர்களையும் சொல்லியிருப்பார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலத்திலேயே காப்பி பயிரிட முயன்று கைவிட்டிருந்தார்கள். கண்டி அரசு 1815இல் வீழ்ந்தபின் மலைகள் ஆங்கிலேயர் வசமாயின. 1820களில் கம்பளைக்கு அருகில் ஜார்ஜ் பேர்ட் ஒரு தோட்டம் திறந்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தானே கண்ணொறுவையில் காப்பி பயிரிட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டவரும் அவரே. 1830களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் சந்தையில் இலங்கைக் காப்பிக்கு விலை ஏறவும் பித்துப் பிடித்தது. அரசு நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அது இருபது ஷில்லிங் ஆயிற்று. ஆளுநர், சட்டசபையினர், நீதிபதிகள், படை அதிகாரிகள், பாதிரிமார் உட்பட எல்லோரும் நிலம் வாங்கினார்கள். அரசாள வந்தவர்களே தோட்டக்காரர்களாக இருந்த நாட்டில் தோட்டக் கூலிக்காக அரசிடம் யார் பேசுவது? அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளிலும் விடை கிடைக்கவில்லை.

கண்டிச் சிங்கள விவசாயிக்குத் தன் வயலும் சேனையும் இருந்தன. அவர் தோட்டக் கூலியாக வர மறுத்தார். அதைச் சோம்பல் என்று எழுதிய துரைமார் பலர். சொந்த நிலம் உள்ளவன் பிறன் நிலத்தில் குறைந்த கூலிக்கு ஏன் கொத்த வேண்டும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஆகவே எதிர்க்கரையை நோக்கினார்கள். திருச்சி, மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என வறண்ட ஊர்களிலிருந்து கங்காணி ஆள் சேர்த்தான். முன்பணம் கொடுத்தான். அந்த முன்பணமே வழிச்செலவானது, தோட்டம் போய்ச் சேர்ந்ததும் கடனானது. நம் ஊர்ப் பேச்சில் அந்த நாட்டுக்குக் கண்டிச் சீமை என்று பெயர். நான் பிறந்த வட்டாரத்தில், கண்டிக்குப் போனவன் என்றால் அதற்குமேல் விசாரிக்கக்கூடாது என்று பொருள்.

இனி வழிக்கு வருகிறேன். மலையில் விளைந்த காப்பி மாட்டு வண்டியில் கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புக்கு இறங்கியது. அந்தச் சாலைக்கு அரசு வாரி இறைத்தது. வண்டிக்கூலி மிகுதி என்று தோட்டக்காரர்கள் முறையிட்டதும் ரயில் போட்டது. 1867இல் கொழும்பு-கண்டி ரயில் ஓடத் தொடங்கியது. அந்தக் காப்பியைப் பறித்தவர்களோ அந்த வழியில் வரவில்லை. அவர்கள் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளில் தோணி ஏறி, தலைமன்னாரிலோ, பேசாலையிலோ, பெருநிலக் கரையில் வங்காலையிலோ அரிப்பிலோ இறங்கி, வடக்கு வழியாக நடந்தார்கள். காப்பி இறங்கிய வழியும் ஆள் ஏறிய வழியும் தோட்டத்து வாசலில் அல்லாமல் வேறெங்கும் சந்திக்கவே இல்லை.

இதைச் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதே என் கருத்து. இலங்கைக் காப்பியைப் பற்றி எழுதிய வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ எல்லோரும் காலியிலோ கொழும்பிலோ கப்பலை விட்டு இறங்கியவர்கள். அங்கிருந்து கண்டிக்கு ஏறி, மலை வளைவுகளையும் வெண்ணிறக் காப்பிப் பூவையும் துரைமாரின் விருந்தோம்பலையும் கண்டு எழுதினார்கள். தோட்டத்தில் கூலிகளைப் பார்த்தார்கள். அதாவது வழியில் சாகாமல் வந்து சேர்ந்தவர்களை மட்டும் பார்த்தார்கள். இன்றும் எங்கள் தொழிலில் இதே பழக்கம்தான். கட்டுநாயக்கவில் இறங்கி, ஒரு வண்டி பிடித்து, ஹட்டன் பக்கம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் நிருபர்கள் ஆண்டுதோறும் வந்துபோகிறார்கள்.

விதிவிலக்காக இருந்திருக்கக்கூடியவர் எமர்சன் டெனன்ட். 1845 முதல் 1850 வரை காலனிச் செயலாளராக இருந்தவர். 1859இல் இலங்கையைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். மன்னார், அரிப்புக் கரைகளை நேரில் பார்த்தவர். பெருக்க மரங்களைப் பற்றியும் முத்துச் சலாபத்தைப் பற்றியும் விரிவாக எழுதியவர். காப்பிப் பித்தையும் நகைப்போடு விவரித்திருக்கிறார். அவர் பதவியில் இருந்த ஆண்டுகள்தான் அந்த வடக்கு வழியில் அதிகம் பேர் மடிந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகள். அவர் நூலில் மரங்களும் சிப்பிகளும் பெற்ற இடத்தை நடந்து சென்ற மனிதர்கள் பெறவில்லை.

நான் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் தலைமன்னாருக்குச் சென்றேன். போரில் அழிந்த இந்தப் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் அமைத்து 2015 மார்ச்சில்தான் தலைமன்னார் வரை வண்டி ஓடத் தொடங்கியது. இறங்கியதும் பழைய துறைமுகப் பாலத்தருகே நின்றேன். எதிரே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. இடையே மணல் திட்டுகள். அந்தச் சிறு தொலைவைக் கடக்க அன்று கப்பல் கிடையாது. சென்னையிலிருந்து விமானத்தில் கொழும்பு வந்து, அங்கிருந்து பாதி நாள் ரயிலில் வடக்கே வந்து, என் ஊர்க் கரையைத் தூரத்தில் பார்க்கவேண்டியிருந்தது.

மன்னார் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் துணையாக வந்தார். "எல்லாரும் கொழும்பாலதான் வாறாங்க, ஐயா. வந்து கோட்டையையும் திருக்கேதீச்சரத்தையும் மடுவையும் பார்த்திட்டுப் போறாங்க. கோப்பிக் காலத்தைப் பற்றிக் கேட்டு வந்த ஆள் நீங்கதான்" என்றார். அவரோடு ஒரு முச்சக்கர வண்டியில் தலைமன்னாரிலிருந்து மன்னார் நகருக்கு, தீவின் நீளம் முழுவதும் வந்தேன். சாலை நேரானது, நிழல் குறைவு. கிணற்று நீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். தோணியில் குமட்டிக்கொண்டு வந்து இறங்கியவர்களுக்கு முதல் நடை இந்த மணல்தான். பிறகு தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையேயுள்ள ஆழமற்ற களப்பைக் கடக்கவேண்டும். அதன்பின் முருங்கன், செட்டிகுளம், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை, மாத்தளை. அங்கிருந்து கண்டி. சுமார் 150 மைல். காட்டின் நடுவே ஒற்றையடிப் பாதையாகவும் வண்டித் தடமாகவும் அது கிடந்தது.

தென்மேற்குப் பருவம் ஓய்ந்து காப்பி பழுக்கும் வேளைக்குச் சேரவேண்டும் என்று அவர்கள் ஆவணி, புரட்டாசியில் வந்தார்கள். அந்த மாதங்களில் வன்னிக் காட்டில் குளங்கள் வற்றிக் கிடக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஏரிகள் பல அப்போது உடைந்து தூர்ந்திருந்தன. எஞ்சிய சேற்று நீரைக் குடித்தார்கள். ஒரு கூட்டத்தில் ஒருவனுக்கு வாந்திபேதி கண்டால் அதே குளத்தில் அடுத்து வரும் கூட்டமும் குடித்தது. வைசூரியும் காட்டுக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. நோயைக் கண்டு அஞ்சிய கிராமத்தார் வழியோரத்தை விட்டு விலகிப் போனார்கள். ஆகவே சோறு விற்பவரும் இல்லாமல் போனார்கள். நடக்க முடியாதவனைக் கங்காணி விட்டுவிட்டுப் போனான். அவனுக்கும் துரை குறித்த நாள் இருந்தது. பறிப்பு முடிந்து தை, மாசியில் திரும்பும்போது இடுப்பில் முடிந்த கூலிப்பணம் இருக்கும். அப்போது கள்வர் பயமும் சேரும். இந்த வழியில் இருமுறை நடந்தால்தான் ஓராண்டுக் கூலி வீடு வந்து சேரும். 1840களில் பெரும்பாலோர் அப்படிப் போய்த் திரும்பியவர்கள்தான். குடியேறியவர்கள் அல்லர்.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஓரளவு கணக்கு உண்டு. 1839இல் வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. 1844இல் ஆண்கள் 74,840, பெண்கள் 1,181, குழந்தைகள் 724. இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அறுபத்துமூன்று ஆணுக்கு ஒரு பெண். ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்காக நடந்த ஆண்களின் கூட்டம் அது. 1846இல் மொத்தமே 42,000 சொச்சமாகக் குறைந்தது. விலை சரியத் தொடங்கியிருந்தது ஒரு காரணம், வழியின் கெட்ட பெயர் ஊர்களுக்கு எட்டியது இன்னொரு காரணம் என்று கருத இடமுண்டு.

எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அரசின் கணக்கு இல்லை. கணக்குப் போட்டது ஒரு பத்திரிகை. 1849இல் கொழும்பு அப்சர்வர் இதழ், 1841 முதல் 1848 வரை வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, ஏறத்தாழ 70,000 பேர், மாண்டிருக்கவேண்டும் என்று எழுதியது. அதன் ஆசிரியர் கிறிஸ்டோபர் எலியட் ஒரு மருத்துவர். பின்னாளில் இலங்கையின் குடிமை மருத்துவத் துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தவர். வாந்திபேதியைக் கண்ணால் பார்த்தவர் என்பதால் அவர் இதழின் எண்ணை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த எண்ணை அப்படியே ஏற்கவும் முடியாது. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியவர் தொகையைக் கழித்து, தோட்டத்தில் இருக்கக்கூடியவர்களையும் கழித்து, மிச்சத்தைச் செத்தவர் என்று வைக்கும் கணக்கு அது. தோணியில் பதிவின்றித் திரும்பியவர்கள் உண்டு. வேறு தொழிலுக்குப் போனவர்கள் உண்டு. ஒருவரே ஆண்டுதோறும் வந்து இரண்டு, மூன்று முறை எண்ணப்பட்டதும் உண்டு. பேட்ரிக் பீபிள்ஸ் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் இந்தத் தொகையை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். டோனவன் மோல்ட்ரிச் 1989இல் காப்பிக் கூலிகளைப் பற்றித் தனி நூலே எழுதி அந்த மரணங்களை விரிவாக முன்வைத்தார். நான் இரு தரப்பையும் படித்தேன். 70,000 என்பது மிகையாகவே இருக்கலாம். அதில் பாதி என்று வைத்தாலும், அதிலும் பாதி என்று வைத்தாலும், ஒரு சாலையில் எட்டு ஆண்டுகளில் அத்தனை பேர் மடிய, ஒரு பெயரேனும் பதிவாகாதது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எண்ணைப் பற்றிய சர்ச்சையே, எண்ண வேண்டியவர்கள் எண்ணாததால் வந்தது.

எண்ணத் தெரியாத அரசல்ல அது. ஆசிரியர் என்னை அரிப்புக்கும் அழைத்துச் சென்றார். கடலோரத்தில் ஆளுநர் பிரடெரிக் நார்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகையின் இடிபாடு நிற்கிறது. ஊரார் அதை அல்லி ராணி கோட்டை என்கிறார்கள். கடல் அதன் அடியைத் தின்றுகொண்டிருக்கிறது. முத்துக்குளிப்பை மேற்பார்க்க எழுந்த மாளிகை அது. சலாபம் நடக்கும் நாட்களில் படகு வாரியாகச் சிப்பிகள் எண்ணப்பட்டன. எத்தனை லட்சம் சிப்பி, எவ்வளவு ஏலம் என்று ஏடுகள் இன்றும் பேசுகின்றன. அந்த நெரிசலில் காவலும் மருத்துவ ஏற்பாடும் இருந்தன, ஏனெனில் முத்து அரசின் சொத்து. 1837க்குப் பிறகு 1855 வரை முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பார்கள் வெறுமையாயின. ஆகவே கூலிகள் அலை அலையாக இறங்கிய அந்த ஆண்டுகளில் அரிப்புக் கரையில் எண்ணுவதற்குச் சிப்பியும் இல்லை. கூலியோ தோட்டத்துரையின் பொறுப்பு என்றது அரசு. தோட்டம் வந்து சேரும்வரை அவன் கங்காணியின் பொறுப்பு என்றார் துரை.

கடலின் இந்தப் பக்கத்து அரசுக்கும் பங்கு உண்டு. மொரிசியஸ் முதலிய இடங்களில் நடந்த கொடுமைகளால் 1839இல் இந்தியக் கூலிகள் கடல் கடப்பதைக் கல்கத்தா அரசு தடுத்தது. ஆனால் பாம்பன் நீரிணையில் தோணிகள் வழக்கம்போல் போய்வந்தன. 1847இல் சட்டம் இயற்றி இலங்கைக்கு விலக்கு அளித்தார்கள். மொரிசியஸ் போகும் கப்பலுக்கு ஒப்பந்தம், மருத்துவர், ஆள் பட்டியல் வேண்டும் என்ற விதிகள் வந்தன. இலங்கைக்கு அவை எதுவும் இல்லை. பக்கத்து வீடு போல அருகில் இருந்ததே இவர்களுக்குக் கேடாயிற்று. நீண்ட கடற்பயணத்தில் செத்தவன் பதிவேட்டில் இருக்கிறான். குறுகிய தோணிப் பயணத்துக்குப்பின் காட்டில் செத்தவன் எந்த ஏட்டிலும் இல்லை.

1855இல் ஆளுநராக வந்த ஹென்றி வார்டு ஓரளவு கவனித்தார். வடக்குச் சாலை சீர்பட்டது. 1858இல் குடியேறும் தொழிலாளர்க்கென ஓர் ஆணையம் சட்டப்படி அமைந்தது. வழியில் கொட்டகைகளும் கிணறுகளும் எழுந்தன. ஆனால் செலவு யார் தலையில் என்ற சண்டையில் அந்த ஆணையம் நெடுநாள் நிலைக்கவில்லை. ரயிலுக்குப் பணம் திரட்டிய அதே தோட்டக்காரர்கள்தான் கொட்டகைக்குக் கணக்குப் பார்த்தார்கள்.

1869ஆம் ஆண்டைத் தனியே குறிக்கவேண்டும். அந்த ஆண்டில்தான் ஆபிரகாம் ஜோசப் என்ற தமிழர் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி வெளிவந்தது. காப்பித் தோட்டத்து வேலைகளைக் கும்மிப் பாட்டாகப் பாடிய நூல். மலையகத் தமிழ் இலக்கியத்தின் தொடக்கங்களில் ஒன்று என்ற வகையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அது துரைமாரின் பார்வையில் நின்று பாடியது என்று மு. நித்தியானந்தன் தம் கூலித்தமிழ் நூலில் கடுமையாக விமர்சித்திருக்கிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. வழிநடையின் துயரைத் தேடி அதைப் படிப்பவர் ஏமாறுவார். அதே 1869இல்தான் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடிபோல ஒரு புள்ளி தென்பட்டது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அறிஞர்கள் பெயரிட்டார்கள். பேரழிவு எமிலி என்று துரைமார் கேலியாக அழைத்தார்கள். கேலி நெடுநாள் நீடிக்கவில்லை.

இலைத்துரு பரவப் பரவ விளைச்சல் குறைந்தது. ஆனால் உலகச் சந்தையில் விலை ஏறியிருந்ததால் புதிய புதிய மலைகளை வெட்டி நட்டுக்கொண்டே போனார்கள். அப்போது நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சம். 1877இல் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக்கு வந்தார்கள். இம்முறை பெண்களும் குழந்தைகளும் நிறைய. ஒருபுறம் செத்துக்கொண்டிருந்த பயிர், மறுபுறம் அதை நம்பி வந்த பஞ்சை மக்கள். ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து, இந்தப் பூஞ்சை எப்படிப் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். மலை முழுதும் ஒரே பயிரை நெருக்கி நட்டதே நோய்க்குப் பந்தல் போட்டது என்பது அதில் விளங்கியது. மருந்து ஒன்றும் அவரால் சொல்ல முடியவில்லை. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி சரிந்தது. துரைமார் பலர் கப்பலேறினார்கள். மாதக்கணக்கில் கூலிப் பாக்கி வைத்துவிட்டுப் போனவர்கள் பலர். கூலிகள் மீண்டும் வடக்கே நடந்தார்கள். இம்முறை இடுப்பில் முடிச்சு இல்லை.

அதன்பின் தேயிலை. 1867இலேயே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள் குடும்பத்தோடு லயன் காம்பராக்களில் தங்கினார்கள். அந்த வரலாறு நிறையவே எழுதப்பட்டுவிட்டது. வழியைப் பொறுத்தவரை, 1890களின் இறுதியில் பிளேக் அச்சத்தால் வடக்கு நடைவழி மூடப்பட்டு, தூத்துக்குடி-கொழும்புக் கப்பல் வழியே ஆட்கள் வந்தார்கள். 1914 மார்ச்சில் தனுஷ்கோடி-தலைமன்னார்ப் படகுச் சேவையும் ரயிலும் தொடங்கின. காப்பி மூட்டைக்கு 1867இல் கிடைத்த ரயில், அதைப் பறித்தவர் கால் பட்ட கரைக்கு வந்துசேர நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின. அதற்குள் காப்பியும் இல்லை, நடந்தவர்களும் இல்லை.

பதிவில்லாமல் போனதன் விலையைப் பேரப்பிள்ளைகள் கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார் என்றோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்றோ காட்டச் சொன்னது. எந்தத் துறையில் இறங்கினார், எந்த ஆண்டில் என்றே எழுதப்படாத மனிதர்களின் வாரிசுகள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று பங்கிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது. 1984இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெரும்பாலும் தீர்ந்தது.

1977, 1983 கலவரங்களுக்குப்பின் மலையகத்திலிருந்து தப்பிவந்த பல குடும்பங்கள் வன்னியிலும் மன்னார்ப் பெருநிலத்திலும் குடியேறின. முருங்கன் பக்கம் அப்படிப்பட்ட ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். மாத்தளையில் பிறந்தவர். எங்கள் ஊர்த் தமிழை அப்படியே பேசினார். "வந்த வழியிலேயே திரும்பி வந்துட்டோம் தம்பி. கடல மட்டுந்தான் தாண்டல" என்றார். அவருடைய முன்னோர் எந்தத் துறையில் இறங்கினார்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார். பிறகு, பக்கத்தில் ஓடிய மதவாச்சிச் சாலையைக் கையால் காட்டி, "இதுலதான் எங்கியோ நடந்திருப்பாங்க" என்றார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ கொடுத்தார். அவர் வீட்டில் கோப்பி குடிப்பதில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இந்த நடையின் முடிவிடத்தில் இருக்கிறது. காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் நன்றி செலுத்தித் தொடங்கிய வழிபாடு பெருங்கோயிலாக வளர்ந்தது என்பது அங்கே வழங்கும் மரபு. வந்து சேர்ந்தவர்களுக்கு அந்தக் கோயில் இருக்கிறது. வந்து சேராதவர்களுக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரை நான் போன வழியில் ஒரு நடுகல்லையும் காணவில்லை.

நான் போய்வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு, 2023 ஜூலை 28ஆம் தேதி ஒரு கூட்டத்தினர் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். மலையகத்தவரும் வடக்கினரும் சிங்கள நண்பர்களும் அதில் இருந்தார்கள். பெண்கள் நிறையப் பேர். முன்னோர் நடந்த அதே தடத்தில் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக 252 கிலோமீட்டரைப் பதினாறு நாட்களில் கடந்து ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையை அடைந்தார்கள். மன்னார் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார், முதல் சில மைல் தானும் கூட நடந்ததாக. வழியில் சிங்கள, முஸ்லிம் ஊர்களிலும் மக்கள் சாலையோரத்துக்கு வந்து நின்று அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம்.